நேற்றைய தண்ணீர்

என் கண்ணாடியில் இரண்டு வளையம் எரிகிறது என்று முதலில் எழுதியது யாரோ கோயம்புத்தூர்க்காரி. லைவில் நான் மாம்பழ மஞ்சள் புடவை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, முந்தானையில் ஓடும் அன்னப்பட்சி வரிசையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். கீழே கமெண்ட் வருகிறது: 'மேடம் கண்ணுல ரெண்டு ட்யூப்லைட்.' அதற்கு ஒரு கூட்டமே சிரிப்புப் பொம்மை போட்டது. புடவையை ஒருத்தரும் கேட்கவில்லை.

என் பெயர் திரிசலா. ஆரணியில் சவரிராஜ் அண்ணனின் பட்டுக்கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு நேரில் வருகிறவர்களைவிட போனில் பார்த்து வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்ட காலம் இது. மாடியில் ஒரு அறை, ஏசி, ஸ்டாண்டில் போன், அதைச் சுற்றி வட்டமாக எரிகிற ரிங் லைட். அந்த வெளிச்சத்துக்கு எதிரில் நின்று பேச வேண்டியது நான். வாய்க்குக் குறைச்சல் இல்லை. கண்ணுக்குத்தான் மைனஸ் ஏழு பவர். தடித்த கண்ணாடி. வெளிச்சம் அதில் அப்படியே விழுந்து என் கண்ணை மறைத்துவிடும். வெளிச்சம் அடிக்காத கண்ணாடி என்று ஒன்று வாங்கிப் பார்த்தேன். வெள்ளை வளையம் பச்சை வளையமானது.

"உன்ன ஒண்ணும் சொல்லலமா. ஆனா ஜனங்க பொடவையப் பாக்காம உன் கண்ணாடியையே பாத்துகினு இருக்காங்க" என்றார் சவரிராஜ் அண்ணன். தீபாவளி சீசன் வரப்போகிறது, வேறு பெண்ணைப் போட்டுவிட்டால் என்ன செய்வது? கான்டாக்ட் லென்ஸ் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் இருக்கிற கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண் ஹெப்சிபா. என்னைவிடச் சின்னவள், ஆனால் கேள்வி கேட்பதில் வக்கீல். நாளைக்கு எவ்வளவு நேரம் போடுவேன், ஏசிக் காற்று முகத்தில் நேராக அடிக்கிறதா, கண் உலர்ந்து உறுத்துமா, தூசி ஒத்துக்கொள்ளுமா என்று எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லிக் கருவிழியின் வளைவை அளந்தாள். "ரவிக்க அளவு மாதிரிதான்க்கா. பவர் மட்டும் சரியா இருந்தா பத்தாது, ஒக்காரவும் ஒக்காரணும்" என்றாள். ஒரு ஜோடியைப் போட்டுவிட்டு அரை மணி உட்காரவைத்து, நான் இமைக்கும்போது லென்ஸ் லேசாக அசைகிறதா என்று பார்த்தாள். அசைய வேண்டுமாம். இறுக்கிப் பிடித்தால் கண் மூச்சுவிட முடியாதாம்.

என் கணவர் ஜினகுமார் கூடவே வந்திருந்தார். போளூரில் ஒரு வங்கியில் வேலை. பயப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஏம்மா, அது நழுவி பின்னாடி போயி மூளைல மாட்டிகினா?"

"பின்னாடி போறதுக்கு வழியே இல்லண்ணா. எமைக்கு உள்ள தோலு மடிஞ்சு கண்ணோட ஒட்டிகினு இருக்கு. மிஞ்சிப்போனா ஓரமா ஒதுங்கும், எடுத்துடலாம்."

எந்த வகை என்று வந்தபோது ஹெப்சிபா சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். "தினம் புதுசு போட்டு சாயந்தரம் தூக்கிப் போடறது ஒண்ணு. மாசம் பூரா அதையே கழுவி ஊறவச்சுப் போடறது ஒண்ணு. என்னக் கேட்டா மொதலாவதுதான். கழுவற வேல இல்ல, டப்பா இல்ல, தப்பு நடக்கவே எடமில்ல." கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கி வைக்காமல் மென்று தின்னும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். தினம் ஒரு ஜோடியைக் குப்பையில் போடுவதா? மாதத்து லென்ஸையே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் பாடம் நடத்தினாள். கையை சோப்பு போட்டுக் கழுவி, நூல் பிரியாத துணியில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். முதலில் வலது கண், அப்புறம் இடது, எப்போதும் அதே வரிசை. கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து சொல்யூஷன் விட்டுத் தேய்த்து, டப்பாவில் புது சொல்யூஷன் ஊற்றி ஊறவைக்க வேண்டும். பழையதன்மேல் கொஞ்சம் ஊற்றி ஒப்பேற்றக் கூடாது. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. கண் சிவந்தாலோ வலித்தாலோ மங்கினாலோ அந்த நிமிஷமே கழற்றிவிட வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல தண்ணி. ஒரு சொட்டுகூட லென்ஸுல படக்கூடாது."

"கேன் தண்ணிகூடவா?"

"எந்தத் தண்ணியும்தான்க்கா. கொழாத் தண்ணி, கேன் தண்ணி, காய்ச்சின தண்ணி, எதுவும் ஆவாது. டப்பாவக்கூட சொல்யூஷன்லதான் அலசணும். பாத்ரூம்ல வைக்காதீங்க. வீட்லயே சுத்தமான எடமாப் பாத்து வைங்க."

நானும் சுத்தமான இடமாகப் பார்த்துத்தான் வைத்தேன்.

எங்கள் வீட்டில் எது சுத்தமான இடம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சமையலறையில் என் மாமியாரின் தண்ணீர் மேடைதான். மாமியார் பெயர் ரத்னாவதி. நாங்கள் நயினார்கள், இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம். என் பிறந்த வீடும் வெம்பாக்கம் பக்கத்தில் இதே மாதிரிதான், ஆனால் எங்கள் அம்மா பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது என்றாலும் ஒரு வாழைப்பழத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார். மாமியார் அப்படி இல்லை. இருட்டினால் தண்ணீர்கூடக் கிடையாது. எறும்பு வரிசை போனால் சுற்றிக்கொண்டு போவார். ஒரு புடவைக்கு எத்தனை புழு கூட்டோடு வெந்திருக்கும் என்று யாரோ சாமியார் சொல்லக் கேட்டு, தன் கல்யாணப் பட்டு உட்பட எல்லாவற்றையும் நாத்தனார்களுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நூல் புடவைதான். மருமகள் பட்டு விற்கிறாள் என்பதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "அது உன் வேல, இது என் விரதம்" என்று ஒரே ஒரு முறை சொன்னதோடு சரி.

தண்ணீர் விஷயத்தில் அவர் தனி சர்க்காரே நடத்தினார். குழாயில் வருவதைக் கெட்டியான பருத்தித் துணியை மடித்துப் போட்டு வடிகட்டுவார். துணியில் நின்ற உயிர்கள் சாகக் கூடாது என்று அதைத் திருப்பிப் பிடித்து அலசி, அந்தத் தண்ணீரை வந்த தொட்டியிலேயே சேர்ப்பார். வடிகட்டியதைக் கொதிக்கவைத்து, ஆற்றி, பித்தளைச் சொம்பில் மூடிவைப்பார். விடிந்தால் அத்தனையும் செடிக்குப் போய்விடும். ஒரு இரவு தங்கிய தண்ணீரில் மறுபடி உயிர் உண்டாகிவிடும் என்பது அவர் கணக்கு. நேற்றைய தண்ணீர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் பட்டதில்லை.

அந்தச் சொம்புக்குப் பக்கத்தில் என் லென்ஸ் டப்பாவை வைத்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "இத யாரும் தொடக்கூடாது. லென்ஸுல வெரலு பட்டுதுன்னா என் கண்ணு போயிடும்." லைவில் பேசிப் பேசி என் குரல் அப்படி ஆகிவிட்டது, சாதாரணமாகச் சொன்னாலே சண்டை மாதிரிதான் கேட்கும். ஜினகுமார் அதன்பிறகு அந்த மேடைப் பக்கமே போகவில்லை, தண்ணீரைக்கூட என்னை எடுத்துத் தரச் சொன்னார். "நான் எதுக்குமா தொடறேன்?" என்றார் மாமியார்.

ஆரம்பத்தில் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! மொட்டை மாடியில் நின்று பார்த்தால் கோட்டை மைதானத்துப் பக்கம் மரங்கள் தனித்தனி இலையாகத் தெரிந்தன. தலையைத் திருப்பினால் உலகமும் கூடவே வந்தது, சட்டத்துக்கு வெளியே கலங்கிப்போகவில்லை. லைவில் என் கண் தெரிந்தது. 'அக்கா அழகா இருக்கீங்க' என்று எழுதினார்கள், புடவையும் வாங்கினார்கள். ஹெப்சிபா சொன்னதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. கையைத் துடைக்கத் தனித் துணி, நகம் ஒட்ட வெட்டியாயிற்று, மை தீட்டினால் லென்ஸ் போட்ட பிறகுதான். ஜினகுமார் மட்டும் சாயந்தரம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "கண்ணு எப்டி இருக்கு?" என்று கேட்பார். சில நாள் எரிச்சலில், "ரெண்டும் முன்னாடி முகத்துலதான் இருக்கு" என்பேன்.

தசலட்சண நோன்பு தொடங்கின வாரம் அது. பத்து நாளும் மாமியார் ஒருவேளைச் சாப்பாடு. விடியலில் எழுந்து குளித்து, தண்ணீர் வேலையை முடித்து, நான் எழுந்திருப்பதற்குள் ஜினாலயத்துக்குப் போய்விடுவார். அந்த நாட்களில்தான் வலது லென்ஸ் போடும்போது சுருக்கென்றது. சாயந்தரம் எடுக்கப்போனால் கண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஏசிதான் காரணம் என்று நினைத்தேன். மாதக் கடைசி வேறு, பழைய ஜோடியைத் தூக்கிப் போட்டுப் புதிது பிரித்தேன். புதிதும் மறுநாளே அப்படித்தான் செய்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நோன்பு முடிகிற சமயம் ஒரு காலையில் லென்ஸ் போட்டதும் கண் சிவந்துவிட்டது. கழற்றிவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு லைவுக்குப் போனால் ரிங் லைட்டின் வெளிச்சம் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. கையிலிருந்த புடவை மயில்கழுத்து நிறமா கரும்பச்சையா என்று எனக்கே தெரியவில்லை, வலது கண்ணுக்கு எல்லாவற்றின் மேலும் கஞ்சி ஊற்றின மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு நேரே ஹெப்சிபாவிடம் போனேன். அவள் விளக்கை அடித்துப் பார்த்தாள். சிரித்த முகம் அவளுக்கு, அது சட்டென்று மாறியது.

"இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்கக்கா, ஜல்தியா. அந்த லென்ஸத் தூக்கிப் போட்டுடாதீங்க. டப்பாவோட அப்டியே வச்சிருங்க, தேவைப்படும்."

ஊரிலேயே ஒரு கண் டாக்டரிடம் போனோம். "தண்ணி பட்டுதா?" என்று கேட்டார். "படவே இல்ல சார்" என்றேன். கிருமித் தொற்று என்று சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு நாள் கொஞ்சம் தேவலை மாதிரி இருந்தது, பிறகு பன்மடங்காகத் திரும்பியது. அந்த வலியை எப்படிச் சொல்வது? பல்வலி கண்ணில் வந்தால் எப்படியோ அப்படி. ஜன்னலையெல்லாம் சாத்தி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஜினகுமார் வங்கிக்கு லீவு போட்டுவிட்டு அறை வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார். அவர் காலடிச் சத்தமே எனக்குப் பேஜாராக இருந்தது. சவரிராஜ் அண்ணன் போன் செய்து, "நீ ஒடம்பப் பாருமா, லைவுக்கு வேற பொண்ணு வந்துகினு இருக்கு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். அழுதால் இன்னும் எரிந்தது.

வேலூரில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார் டாக்டர். விடியலிலேயே கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம். மாமியாரை வர வேண்டாம் என்றுதான் சொன்னோம். தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தார். சேவூர் தாண்டியதும் வெயில் ஏற ஆரம்பித்தது, நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இந்தக் கண்ணால் இனி எதையும் பார்க்க மாட்டேனோ என்ற ஒரே நினைப்புதான். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நிறம் சொல்ல முடியுமா, நாளைக்கு அந்தக் கண்ணுக்கும் வந்தால் என்ன செய்வது என்று மனசு அதுபாட்டுக்கு ஓடியது.

அங்கே இருந்த டாக்டரம்மா அவசரப்படாத ஆள். மருந்து விட்டு மரத்துப்போகவைத்து, கருவிழியிலிருந்து துளியூண்டு சுரண்டி எடுத்தார். பிறகு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. லென்ஸ்ல தண்ணி பட்டுச்சா? குளிக்கும்போது, மூஞ்சி கழுவும்போது?"

"இல்ல டாக்டர்."

"கிணறு, குளம், ஸ்விம்மிங் பூல்?"

"எதுவுமே இல்ல டாக்டர். ஒரு சொட்டு பட்டதில்ல. எங்க ஹெப்சிபாவக் கேளுங்க, அவ சொன்னத ஒண்ணுகூட மீறல நானு." எனக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காக இருந்தவளைப் பிடித்துத் திரும்பத் திரும்பத் திருடனைக் கேட்கிற மாதிரி கேட்கிறார்களே!

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார். "பார்க்கறதுக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா அதுக்கான மருந்து ரொம்பக் கடுமை, மாசக்கணக்குல விடணும். தண்ணியே படலைன்னா அது வர்றது அபூர்வம். லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் இப்ப விடறதையே கூட்டிப் பார்ப்போம். அந்த லென்ஸ் டப்பாவக் கொடுங்க, அதையும் அனுப்பணும்."

ஜினகுமார் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். அதைத் தொடுவதற்கே பயந்து இரண்டு விரலால் பிடித்திருந்தார். டாக்டர் கையை நீட்டியபோது, சுவரோரம் நின்றிருந்த மாமியார் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"அய்யோ, அது நேத்துத் தண்ணி! காலையில கெளம்பற அவசரத்துல மாத்தலமா."

டாக்டரின் நீட்டிய கை அப்படியே நின்றது.

"இன்னா தண்ணி?" என்றேன்.

"நம்ம தண்ணிதான். வடிகட்டி, காய்ச்சி, ஆறவச்சது. ராத்திரி பூரா அதே தண்ணில ஊறிகினு கெடந்தா உயிருங்க உண்டாயிடாதா? நோம்பு ஆரம்பிச்சதுலேந்து விடியகால சொம்புத் தண்ணி மாத்தறப்போ இதையும் மாத்திடறேன். நீ போடறத நிறுத்தின பொறவும் மாத்திகினுதான் இருந்தேன்."

"அத்த... யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"லென்ஸத் தொடலையே நானு. மூடிய ஒட்டிப் புடிச்சுகினு தண்ணிய மட்டும்தான் சாய்ச்சேன்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"தண்ணி மாத்தறத யாராவது சொல்லிகினு இருப்பாங்களா?" என்றார். அவர் குரலில் அப்போதும் ஒரு நல்ல காரியம் செய்தவரின் நிதானம்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "தப்பாயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "நல்ல வேளை இப்பவாவது வாயத் திறந்தீங்க. இல்லைன்னா ரிசல்ட் வர்றதுக்குள்ள கண்ணு கையவிட்டுப் போயிருக்கும்" என்றார். காய்ச்சிய தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனால் ஆறுகிறபோது சொம்பிலிருந்தும் துணியிலிருந்தும் கையிலிருந்தும் மறுபடி எதுவாவது அதில் சேரும், வயிறு அதைத் தாங்கும், லென்ஸ் போட்ட கண் தாங்காது. கிருமியைக் கொல்வதற்காக இருந்த சொல்யூஷனைக் கீழே கொட்டிவிட்டு அதை ஊற்றியதால் தடுக்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அந்தக் கிருமிக்கு அமீபா என்று பேர் சொன்னார். "ஆரணிதானே நீங்க? பட்டுப்புழு மாதிரிதான் இதுவும். ஆபத்து வந்தா சுத்தி ஒரு கூடு கட்டிக்கிட்டு உள்ள உக்காந்துக்கும். கூட்டோட சேர்த்து அழிக்கணும். அதான் கஷ்டம்."

"அது உயிரா?" என்று கேட்டார் மாமியார்.

"உயிர்தாம்மா."

"மருந்து அத இன்னா பண்ணும்?"

"கொல்லும். கொன்னாத்தான் கண்ணு."

மாமியார் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குடிக்கவும் இல்லை.

காரில் திரும்பும்போது நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவது? நல்லது நினைத்துத்தான் செய்தார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கெட்டது நினைத்துச் செய்திருந்தாலாவது வாய் நிறையத் திட்டியிருப்பேன். ஜினகுமார்தான் பின் சீட்டிலிருந்து, "ஏம்மா, அவ அவ்ளோ சொல்லியும் ஒனக்கு இன்னாத்துக்குமா அந்த வேல?" என்று விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மருந்தை மணிக்கு ஒரு முறை விட வேண்டும், முதல் சில நாள் ராத்திரியும் சேர்த்து. நானே விட்டுக்கொள்ளலாம் என்றால் வலியில் கண் திறக்கவே இல்லை. ஜினகுமார் பாட்டிலைப் பிடித்தார், கை அப்படி நடுங்கியது. முதல் சொட்டு என் கன்னத்தில் விழுந்தது, இரண்டாவது காதில். "ஐயோ, மருந்து வீணாப் போவுதே" என்று அவரே அழுகிற குரலில் சொன்னார்.

குழாயடியில் தண்ணீர் சத்தம் கேட்டது. மாமியார் கை கழுவுகிறார். வெகுநேரம் கழுவினார். பிறகு என்னுடைய தனித் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஹெப்சிபா சொன்னபடி நான் தினமும் கை கழுவித் துடைத்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"குடுரா" என்றார் மகனிடம்.

"அம்மா, நீ விரதக்காரி. அது... கொல்ற மருந்தும்மா. நானே விட்டுடறேன்."

"உன் கை நடுங்குது. என் கை நடுங்கல." என் தலையைத் தன் மடியில் நகர்த்திக்கொண்டு, கீழ் இமையைப் பஞ்சை ஒதுக்குவதுபோல் மெல்ல இறக்கினார். "பாவம் என்னோட போவட்டும். நீ கண்ணத் தொறம்மா."

திறந்தேன். சொட்டு நடுவில் விழுந்தது. தீ வைத்த மாதிரி எரிந்தது, அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது மங்கலாகத் தெரிந்தது. எனக்காக வேண்டிக்கொள்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த மணிக்கு அவர் வரக் கொஞ்சம் தாமதமானபோது, "அத்த, நேரமாச்சு" என்று கூப்பிட்டதும் நான்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. லேப் ரிசல்ட் டாக்டரின் சந்தேகத்தையே சொன்னது. மணிக்கு ஒரு சொட்டு, பிறகு இரண்டு மணிக்கு, பிறகு வேளைக்கு ஒன்று. ஒவ்வொரு முறை வேலூர் போகும்போதும் இடது கண்ணை மூடிக்கொண்டு பலகையிலுள்ள எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். முதலில் பலகையே தெரியவில்லை. பிறகு பலகை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. வீட்டில் நான் யாருக்கும் தெரியாமல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்ப்பேன், தேதி தெரியாது, உடனே கையை எடுத்துவிடுவேன். தீபாவளி வந்தது, போனது. லைவில் வேறு பெண் புடவை விரித்தாள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், மேலிருந்து ஆறாவது வரியை வலது கண்ணால் படித்தேன். டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, "இனி கிருமி இல்ல. சுத்தமாப் போயிடுச்சு" என்றார். ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு நிற்கும், கண்ணாடி போட்டால் வேலைக்குக் குறைவில்லை, லென்ஸை மட்டும் மறந்துவிட வேண்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜினகுமார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார், நர்சு வந்து எழுப்ப வேண்டியதாயிற்று. சவரிராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன். "வாம்மா, வாம்மா. அந்தப் புதுப் பொண்ணும் கண்ணாடிதான். ரிங் லைட்ட ஒரு முழம் மேல தூக்கி சாய்ச்சு வச்சா வளையமே தெரியல, இப்பதான் கண்டுபுடிச்சோம்" என்றார். போனைச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது.

பொழுதிருக்க வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜினகுமார் வழியில் வாங்கிய லட்டு டப்பாவைத் திறந்து முதல் லட்டை அம்மாவிடம் நீட்டினார். மாமியார் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வலது கண்ணைக் கிட்டத்தில் வெகுநேரம் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. ஆனால் லட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னிலேந்து நான் உபவாசம்" என்றார்.

"இன்னும் இன்னாத்துக்கு அத்த? அதான் கண்ணு பொழச்சுடுச்சே!" என்றேன்.

"பொழச்சதுக்கு எதுக்கும்மா உபவாசம்?" என்றார். கை கழுவித் துடைத்துக்கொண்டு, தண்ணீர் மேடைக்கு எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்தார். "பொழைக்காததுங்களுக்கு."

ஜினகுமார் கையிலிருந்த லட்டை வாங்கி டப்பாவில் வைத்து மூடினேன். அவர் பக்கத்தில் பாயில் இடம் இருந்தது, போய் உட்கார்ந்துகொண்டேன்.